கையை நீட்டு

அத்தியாயம் பதினொன்று

சின்னவளைக் கருத்தரிப்பு மையத்தின் பின் படிக்கட்டில் ஏற்றிவிட்டு, நீங்களும் நானும் ஒரு வாரம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அவள் பாவம், இன்னும் மூன்றாவது மாடியில் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. சின்னவள் தன் அக்காவுக்குக் கருமுட்டை தர வந்திருக்கிறாள். பெரியவளுக்குக் கருப்பையில் ஒரு கோளாறும் இல்லை. முட்டைதான் முப்பது தாண்டியதுமே தீர்ந்துவிட்டது. முகம் தெரியாத இரண்டு பெண்களின் முட்டையை வாங்கிப் பார்த்தார்கள். இரண்டு முறையும் கரு தங்கவில்லை. இனி போதும் என்று பெரியவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாளில்தான், "நான் ஒருத்தி குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், வெளியில எதுக்குத் தேடுற?" என்று சின்னவள் கேட்டாள். கப்பல் வேலையில் இருக்கும் அவள் கணவனும் சம்மதித்துவிட்டான். அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு பெண் குழந்தை, பாப்பா. ரத்தம் சரி, ஸ்கேன் சரி. நாளை மறுநாள் முதல் ஊசி.

மிச்சம் இருந்தது ஒரு பேச்சு. குடும்பத்தில் யாருக்கு என்ன வியாதி, யார் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று உட்கார்த்தி வைத்துக் கேட்பார்கள். ஒப்புக்கு நடக்கிற சடங்கு என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பேச்சைப் பேசுவதுதான் பெரியவளின் உத்தியோகம். முட்டை தர வரும் பெண்களைத் தேடிப் பிடிப்பதும், பேசிப் பார்ப்பதும், வேண்டும் வேண்டாம் என்று பிரிப்பதும் அந்த மையத்தில் அவள்தான். சொந்தத் தங்கை என்பதால் இன்று மட்டும் அவள் கேட்கக் கூடாது. அவளிடம் வேலை பழகிய ஜூனியர் கேட்க வேண்டும். விதி அப்படி.

அந்தக் கட்டடத்தில் இன்னொரு விதியும் உண்டு. தருகிறவர்களுக்குப் பின் படிக்கட்டு, வாங்குகிறவர்களுக்கு முன் லிஃப்ட். இரண்டு கூட்டமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடக் கூடாது. பெரியவள் மட்டும் இரண்டு வழியிலும் போய் வந்தாள். காலையில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பின்பக்கம் ஏறுவாள். மருந்து வாங்கும் நாளில் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, முன்பக்கம் போய் மற்றப் பெண்களோடு வரிசையில் உட்காருவாள்.

அன்று காலை அவள் எதிரே அழகு நிலையத்தில் முடி வெட்டும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

அவளைக் கூட்டி வந்தது தரகு வேலை பார்க்கும் ஹேண்ட்பேக் அக்கா. இந்த ஊரில் முட்டை தரச் சம்மதிக்கும் பெண்களை மோப்பம் பிடிப்பதில் அந்த அம்மாளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கூட்டி வரும் வழியிலேயே பாடம் சொல்லிக் கொடுத்துவிடுவாள். 'எந்த வியாதி கேட்டாலும் இல்லைன்னு சொல்லு. செத்தவங்களுக்கு எல்லாம் மஞ்சள் காமாலை.' அதனால்தான் ஹேண்ட்பேக் அக்கா கூட்டி வரும் பெண்களின் குடும்பங்களில் மஞ்சள் காமாலையைத் தவிர வேறு சாவே கிடையாது.

"அம்மா எப்படிம்மா தவறினாங்க?" என்று கேட்டாள் பெரியவள்.

"மஞ்சள் காமாலை மேடம்."

"சரி. அதுக்கு முந்தின வருஷம் எப்படி இருந்தாங்க?"

இதுதான் பெரியவளின் கைச்சரக்கு. சாவைக் கேட்டால் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பார்கள். சாவுக்கு முந்தின வருஷத்தைக் கேட்டால் யாருக்கும் பொய் வராது. அதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அந்தப் பெண்ணின் கண்கள் ஜன்னல் பக்கம் போயின.

"முந்தின வருஷமா... முடியெல்லாம் கொத்துக் கொத்தா கொட்டிப் போச்சு மேடம். சும்மா சும்மா தலையணையைப் பார்த்து அழுதுச்சு. நான்தான் ஒரேயடியா வழிச்சு விட்டேன். நான் முதல்ல தலையில மெஷின் வச்சது எங்கம்மாவுக்குத்தான்."

"புத்துநோயா? மார்புலயா?"

அவள் தலையாட்டினாள். "சித்திக்கும் அதேதான்."

பெரியவள் பேனாவை மூடி வைத்தாள். எத்தனையோ பேரிடம் சொன்ன அதே குரலில் சொன்னாள். "உங்க மேல ஒரு குறையும் இல்லம்மா. இது உங்களுக்கு வேண்டாம்."

அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. "அப்ப எனக்கும் வருமா மேடம்?"

எல்லோரும் கடைசியில் இதைக் கேட்பார்கள். பெரியவளிடம் இதற்குத் தயாராக ஒரு பதில் இருந்தது. "அதை நான் சொல்லக் கூடாதும்மா. ஒரு நல்ல டாக்டரா பாருங்க." எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று அக்கறையாகத்தான் சொன்னாள். வாசல்வரை கூடவே போய் வழியனுப்பினாள். கதவு சாத்தியதும் டீ எடுத்துக் குடித்தாள். அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு நான்கு பேருக்கு இதைச் சொல்கிறவள் ஒவ்வொருவருக்கும் அழுதால் வீடு போய்ச் சேர முடியாது.

டீக்கோப்பையை வைக்கும்போது விரல் பட்டுப் பேனா உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள். மறுபடியும் விழுந்தது. காலையில் வீட்டிலும் ஒரு கண்ணாடி டம்ளர் போனது. "கையில வெண்ணெய் தடவிட்டு வந்தியா?" என்று கிண்டலடித்துவிட்டு, அவள் கணவர்தான் சில்லுகளைப் பெருக்கினார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனிதர், உடைசல் பொறுக்கப் பழகியவர். "நீ என்ன பண்ணுவ, எல்லாம் அந்த ஹார்மோன் மாத்திரை பண்ற வேலை" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

பக்கத்து அறையில் சின்னவளை உள்ளே கூப்பிட்டிருந்தார்கள்.

ஜூனியருக்குக் கொஞ்சம் உதறல்தான். மேலதிகாரியின் தங்கை. சீக்கிரம் முடித்து அனுப்பினால் நல்ல பெயர். சர்க்கரை, இதயம், வலிப்பு என்று வரிசையாகக் கேட்டாள். சின்னவள் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் யாரோடும் ஐந்து நிமிஷத்தில் ஒட்டிக்கொள்கிறவள். ஜூனியரின் வளையல் எங்கே வாங்கியது என்றுகூட இதற்குள் விசாரித்துவிட்டாள்.

"அப்பா எப்படித் தவறினாங்க?"

"குடிச்சிட்டு மாடிப்படியில விழுந்துட்டாருங்க. நான் அப்ப ரொம்பச் சின்னப் புள்ள."

விபத்து. தாண்டிப் போய்விடலாம். ஜூனியர் தாண்டியிருந்தால் இந்த அத்தியாயமே வேறு மாதிரி இருந்திருக்கும். ஆனால் அவளுக்கு வேலை பழக்கியது பெரியவள். யாராக இருந்தாலும் விடாதே, முந்தின வருஷத்தைக் கேள் என்று தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"அதுக்கு முந்தின வருஷம் எப்படி இருந்தாங்க?"

சின்னவள் சிரித்தாள். "எங்கக்கா கேள்விதானே இது? வீட்டுல பெருமையா சொல்லிக்கும். எப்படி இருந்தாரு... குடிகாரர் எப்படி இருப்பாரோ அப்படித்தான். தள்ளாடுவாரு. பேச்சு குழறும். திடீர்னு கோவம் வரும், கொஞ்ச நேரத்துல அவரே உக்காந்து அழுவாரு. துணித் தொழிற்சாலையில கட்டர் வேலை. அளவு போட்டுத் துணி வெட்டுவாரு. வெட்டு கோணலாப் போகுதுன்னு வேலையை விட்டு அனுப்பிட்டாங்க."

"காலையிலயும் தள்ளாடுவாரா?"

சின்னவள் யோசித்தாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"காலையில அவர்தான் என்னைப் பள்ளிக்கூடத்துல விடுவாரு. கையைப் பிடிச்சுக்கிட்டுப் போனா என் கையும் சேர்ந்து ஆடும். எனக்கு விளையாட்டுக் காட்டுறாருன்னு நினைச்சுக்குவேன்."

"வாசம் வருமா, காலையில?"

"எனக்கு ஞாபகம் இல்ல. அம்மாவுக்குத்தான் தெரியும். அம்மா தினம் சாயங்காலம் செக் பண்ணும்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது ஒரு கூத்துங்க. உள்ள விடறதுக்கு முன்னாடி வாசல்ல நிக்க வச்சு, 'கையை நீட்டு'ன்னும். ரெண்டு கையையும் நேரா நீட்டணும். ஆடுச்சுன்னா குடிச்சிருக்காருன்னு கணக்கு. அப்புறம் 'நாக்கை நீட்டு'. நீட்டுவாரு, டக்குனு உள்ள போயிடும். மறுபடி நீட்டுவாரு, மறுபடி போயிடும். 'பாரு, ஏமாத்துறான்'னு அம்மா கதவைச் சாத்திடும். அன்னைக்கு ராத்திரி படிக்கட்டுலதான் படுக்கை. நானும் அக்காவும் அம்மா அப்பா விளையாட்டே இப்படித்தான் விளையாடுவோம். எப்பவும் நான்தான் அப்பா."

ஜூனியர் சிரிக்கவில்லை. இங்கே வருவதற்கு முன்பு அவள் நரம்பியல் வார்டில் பயிற்சியில் இருந்தவள். அங்கே டாக்டர் ஒருவர் தினமும் காலையில் ஒவ்வொரு கட்டிலாக நின்று சில நோயாளிகளிடம் கையை நீட்டச் சொல்வார். பிறகு நாக்கை நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொல்வார். வைத்திருக்க முடியாதவர்களைப் பற்றித் தாழ்ந்த குரலில் மாணவர்களுக்கு விளக்குவார்.

"அப்பாவோட கூடப் பிறந்தவங்க யாராவது?"

"பெரியப்பா ஒருத்தர் இருந்தாரு. அவரும் குடிதான். அப்பாவைப் பெத்தவங்களும் கடைசிக் காலத்துல குடிச்சாங்களாம்."

"அப்பாவோட அம்மாவா? அவங்களுமா?"

"ஆமாங்க. தள்ளாடித் தள்ளாடியே போய்ச் சேர்ந்தாங்களாம். குடிகாரப் பரம்பரைன்னு எங்கம்மா திட்டும்." சின்னவளின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஏன், அதுல ஏதாவது இருக்கா?"

"கொஞ்சம் உக்காருங்க" என்று சொல்லிவிட்டு ஜூனியர் எழுந்து வெளியே போனாள்.

பெரியவளின் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்ற ஜூனியரைப் பார்த்ததும் பெரியவள் தவறாகத்தான் புரிந்துகொண்டாள். "என்ன, வாயாடி உன்னை ஒரு வழி பண்ணிட்டாளா?"

"மேடம், உங்கப்பா குடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா? கண்ணால?"

"அது என்ன கேள்வி? ஊருக்கே தெரியும்."

"ஊரை விடுங்க மேடம். கையில பாட்டிலோட நீங்க பாத்திருக்கீங்களா?"

பெரியவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். தள்ளாட்டம் ஞாபகம் வந்தது. குழறல் ஞாபகம் வந்தது. வாசலில் நீட்டிய இரண்டு கைகள், விரல் நுனியில் பியானோ வாசிப்பதுபோல அவை துடித்தது ஞாபகம் வந்தது. பாட்டில் ஞாபகம் வரவில்லை. ஒரு தடவைகூட.

ஜூனியர் மீதியைச் சொல்லத் தேவை இருக்கவில்லை. போன வருஷம் இதே மாதிரி ஒரு தகப்பன் உள்ள பெண்ணை, இதே நாற்காலியில் உட்கார வைத்து, உங்கள் மேல் குறை இல்லை என்று சொல்லி அனுப்பியவள் பெரியவள். அந்த நோயின் பெயர், அது எந்த வயதில் தலை காட்டும், எப்படிப் பிள்ளைகளுக்கு இறங்கும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அத்தனை தெரிந்தவள் தன் வீட்டு வாசலில் மட்டும் எட்டிப் பார்க்கவே இல்லை. தங்கைக்காகக் குடும்ப விவரம் சொன்னபோதும், 'அப்பா குடி, விபத்து' என்று யோசிக்காமல் சொன்னவள் அவள்தான்.

முதலில் அவளுக்கு வந்தது அப்பாவின் நினைப்பு இல்லை. தங்கையின் நினைப்பும் இல்லை. நான் பொய் சொல்ல மாட்டேன், அவளுக்கு முதலில் வந்தது அந்தப் பிள்ளையின் நினைப்புதான். இன்னும் உருவே எடுக்காத, ஆனால் மூன்று மாதமாக அவள் மனதுக்குள் தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளை. இந்தப் பெண் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாமே என்று ஜூனியர் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. உடனே தன்னை நினைத்து வெட்கமும் வந்தது.

விஷயம் மையத்தின் டாக்டரம்மாவிடம் போனது. அவர் பேச்சை வளர்க்கிறவர் இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஹண்டிங்டன் நோய்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். அவர் இல்ல, பாத்துச் சொல்ல முடியாது. ஆனா மூணு பேர் ஒரே குடும்பத்துல ஒரே மாதிரி போயிருக்காங்க. சந்தேகப்படாம இருக்க முடியல. அப்பாவுக்கு இருந்திருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. உங்களுக்குத் தெரியாததில்ல."

"தங்கச்சி ரத்தம் குடுத்து, இல்லைன்னு வந்துட்டா?"

"ஊசி ஆரம்பிச்சிடலாம். தெரியாம ஆரம்பிக்க நான் விட மாட்டேன்."

"அவ குடுக்க மாட்டேன்னுட்டா?"

"அது அவங்க இஷ்டம். இதுக்கு மருந்து கிடையாது. வரப்போகுதான்னு தெரிஞ்சுக்கிட்டு வாழ எல்லாராலயும் முடியாது. எடுன்னு யாரும் நெருக்கக் கூடாது. நீங்களே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கீங்க." டாக்டரம்மா அவளை நேராகப் பார்த்தார். "நீங்களும் உங்களைப் பத்தி யோசிக்கணும்மா."

பெரியவள் அந்தக் கடைசி வாக்கியத்தைக் காதில் வாங்கிக்கொள்ளாதவள்போல எழுந்தாள்.

வராந்தாவில் கைபேசி அடித்தது. கணவர். "எல்லாம் முடிஞ்சுதா? நாளன்னைக்கு ஊசிக்கு நானும் வரேன்னு சின்னவகிட்ட சொல்லிடு. கடையை அரை நாள் சாத்திடறேன்." பின்னால் யாரோ வாடிக்கையாளர் பேசும் சத்தம். அவருடைய குரலில் அத்தனை உற்சாகம்.

"அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

தங்கையைத் தன் அறைக்குக் கூட்டிப்போக அவளுக்கு மனம் வரவில்லை. அந்த நாற்காலியில் அவளை உட்கார வைக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. "வா, போலாம்" என்று பின் படிக்கட்டில் இறக்கிக் கூட்டி வந்தாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சின்னவள் நின்றுவிட்டாள்.

"அக்கா, என்னன்னு சொல்லு. இல்லைன்னா நான் இங்கயே உக்காந்துக்குவேன்."

சொன்னபடியே படியில் உட்கார்ந்தாள். பெரியவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மழைத்தண்ணீர் வடியும் குழாயின் சத்தம் சுவருக்குள் கேட்டது.

"அப்பா குடிக்கலடி."

"என்ன உளர்ற?"

"குடிக்கல. அது ஒரு நரம்பு வியாதி. கை கால் தானா ஆடும். பேச்சு குழறும். மனசும் நிலையா இருக்காது. பாக்கிறவங்களுக்குக் குடிச்ச மாதிரிதான் தெரியும்."

சின்னவள் தான் உட்கார்ந்திருந்த படியைக் கையால் தடவினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப எதுக்கு அவரைப் படிக்கட்டுல படுக்க வச்சோம்?"

அப்பா விழுந்து செத்ததும் அதே வீட்டுப் படிக்கட்டில்தான். கையை நீட்டச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லி, தேறவில்லை என்று கதவு சாத்தப்பட்ட ஒரு சாயங்காலம். எழுந்து தண்ணீர் கேட்க வந்தவர் கால் நிலைகொள்ளாமல் உருண்டார் என்று கீழ் வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

"அக்கா."

"ம்."

"அப்ப எனக்கும் வருமா?"

அந்தத் தயாரான பதில் பெரியவளின் நாக்கு நுனிவரை வந்தது. அதை நான் சொல்லக் கூடாதும்மா, ஒரு நல்ல டாக்டரா பாருங்க. எத்தனை வருஷமாக, எத்தனை பெண்களிடம் அதை நீட்டியிருக்கிறாள். அது எவ்வளவு கேவலமான பதில் என்று இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"தெரியலடி குட்டி. வரலாம். வராமயும் போகலாம். எனக்கும் அப்படித்தான்."

"பாப்பாவுக்கு?"

"உனக்கு இல்லைன்னா அவளுக்கும் இல்ல."

சின்னவள் முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அழுகிறவள் மாதிரி இல்லை, மாவு ஒட்டியதைத் துடைக்கிற மாதிரி.

"ரத்தத்துல தெரியுமா?"

"தெரியும்."

"இல்லைன்னு வந்தா உனக்கு முட்டை குடுக்கலாம்ல?"

"குடுக்கலாம்."

"ஆமான்னு வந்தா..." அவள் அதை முடிக்கவில்லை. "நீ என்னை எடுக்கச் சொல்றியா?"

"நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப எடுக்க வேண்டாம்னு சொல்லு. ஒரே ஒரு தடவை சொல்லு. எனக்கு அது போதும்."

பெரியவள் சொல்லியிருக்க வேண்டும். எவளாவது ஒரு முன்பின் தெரியாதவள் இந்தப் படியில் உட்கார்ந்து கேட்டிருந்தால், வேண்டாம்மா, உனக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது பார்த்துக்கொள் என்று முதுகைத் தடவிச் சொல்லியிருப்பாள். இவள் தான் தூக்கி வளர்த்த தங்கை. அவளிடம் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அந்தப் பிள்ளை குறுக்கே நின்றது.

சின்னவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "சரி விடு. பாப்பா தேடும். போலாம்."

அம்மாவிடம் இப்போதைக்கு மூச்சு விடக் கூடாது என்று மட்டும் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

இந்தக் குடும்பத்தில் ஒப்பந்தங்களின் ஆயுசு உங்களுக்குத் தெரியும்.

அம்மா ஜன்னலோரமாக உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவை வேலையைவிட்டு அனுப்பிய அதே தொழிற்சாலையின் சட்டைகள்தான். அவர் போனபிறகு அந்தப் பட்டன்களை வைத்துத்தான் இரண்டு பெண்களையும் ஆளாக்கினாள். பாப்பா தரையில் ஒரு பட்டன் டப்பாவைக் கவிழ்த்து நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, எழவு வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி ரெண்டு பேரும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டு வரீங்க? ஊசி தள்ளிப் போச்சா?"

"ஆமாம்மா, கொஞ்சம் தள்ளி வச்சிருக்காங்க" என்றாள் பெரியவள்.

சின்னவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, அப்பா மேல என்னைக்காவது குடிச்ச வாசம் வந்துச்சா?"

பெரியவள் அவள் கையைக் கிள்ளினாள். பிரயோஜனம் இல்லை.

"இப்ப எதுக்கு அந்த ஆள் பேச்சு?"

"வந்துச்சா, இல்லையா?"

"வரல." அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அதுலதான் அவன் கெட்டிக்காரன். வாசமே வராத சரக்கு ஒண்ணு இருக்குன்னு கீழ் வீட்டுக்காரி சொன்னா. அதைத்தான் குடிக்கிறான்னு கண்டுபிடிச்சேன். எங்கிட்டயேவா."

அம்மா அடுத்த சட்டையை எடுத்தவள் கையிலேயே வைத்துக்கொண்டு, பெண்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் படிக்காதவள்தான், ஆனால் முகம் பார்க்கத் தெரிந்தவள்.

"எதுக்குடி கேட்டீங்க?"

பெரியவள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். முடிந்த அளவு மெல்லச் சொன்னாள். வியாதி என்றாள், சந்தேகம்தான் என்றாள், அந்தக் காலத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது என்றாள். உன் மேல் ஒரு குறையும் இல்லைம்மா என்று வாய் வரை வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

அம்மா அழவில்லை. ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். கோக்க முடியவில்லை. ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்தாள்.

"அவரு சொன்னாரு" என்றாள்.

அப்பாவை அம்மா அவர் என்று சொல்லிப் பெண்கள் கேட்டதே இல்லை.

"தினம் சொன்னாரு. பிள்ளைங்க மேல சத்தியமா குடிக்கலம்மான்னு. எந்தக் குடிகாரன்தான் குடிச்சேன்னு ஒத்துக்கிட்டான்? நான் எப்படி நம்புவேன், சொல்லு. கடைசி நாளும் வந்து நின்னாரு. நான் கேக்கறதுக்கு முன்னாடியே அவரே கையை நீட்டினாரு. ரொம்பக் கஷ்டப்பட்டு, மூச்சை அடக்கிக்கிட்டு, ஆடாம வைக்கப் பாத்தாரு. ஆடுச்சு. நான் சாத்திட்டேன்."

சின்னவள் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாப்பா எழுந்து போய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. யாருக்கும் விளக்கைப் போடத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா நிமிர்ந்தாள். பேத்தியைப் பார்த்தாள். பிறகு பெண்களைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள்.

"பெத்தவங்ககிட்ட இருந்து பிள்ளைங்களுக்கு வருமா, அந்த வியாதி?"

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மா எழுந்து விளக்கைப் போட்டாள். இருவருக்கும் எதிரே வந்து நின்றாள். இத்தனை வருஷம் கழித்து அதே வார்த்தைதான் அவள் வாயில் வந்தது. குரல்தான் வேறு.

"கையை நீட்டுங்கடி."

"அம்மா, அதெல்லாம் இப்படிப் பாத்துத் தெரியாது" என்றாள் பெரியவள்.

சின்னவள் நீட்டிவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, பள்ளிக்கூடத்தில் நகம் பார்க்கும்போது நீட்டுவதுபோல இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். அம்மா குனிந்து, விரல் விரலாகப் பார்த்தாள். கைகள் அசையவில்லை. அம்மா அவற்றைப் பிடித்து ஒரு முறை அழுத்திவிட்டு விட்டாள்.

"பெரிசு, நீ."

பெரியவள் மடியில் இருந்த பையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலையில் உருண்ட பேனா நினைவுக்கு வந்தது. கணவர் பெருக்கிய கண்ணாடிச் சில்லு நினைவுக்கு வந்தது. அப்பாவுக்கு வேலை போன வயதைத் தானும் கிட்டத்தட்ட எட்டிவிட்டோம் என்பதும் நினைவுக்கு வந்தது.

"நீட்டுடி."

"நான் மாத்திரை சாப்பிடறேன்மா" என்றாள் பெரியவள். "ஹார்மோன் மாத்திரை. அதனால கொஞ்சம் ஆடும். அவர்கூடச் சொன்னாரு, மாத்திரையாலதான்னு."

பெரியவள் இன்னும் பையிலிருந்து கையை எடுக்கவே இல்லை.